சத்தம் அடங்கினால் திசை தெரியும்!

காக்பிட்டில் எத்தனையோ கருவிகள் இருக்கட்டும், எனக்கு ஒன்றின் மேல்தான் தீராத மயக்கம். வட்ட முகம், விளிம்பு முழுக்க டிகிரிக் கோடுகள், நடுவே ஒரே ஒரு முள். பக்கத்தில் இருக்கும் ரேடியோவில் ஓர் அலைவரிசையை வைத்தால் போதும். அந்த முள் சிலிர்த்துக்கொண்டு கிளம்பும், கொஞ்சம் தாண்டிப் போகும், திரும்பி வரும், ஒரு பக்கத்தைக் காட்டி நிற்கும். நீங்கள் தேடிய நிலையம் அந்தப் பக்கம்தான்! வெளியே மேகம் மூடியிருக்கலாம், நள்ளிரவாக இருக்கலாம், கீழே வெறும் கடலாக இருக்கலாம். முள்ளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

இதன் பெயர் தானியங்கித் திசைகாணி. விமானிகளும் டெக்னீஷியன்களும் ஏ.டி.எஃப். என்பார்கள். தரையில் இதற்கு ஒரு ஜோடி உண்டு: என்.டி.பி. என்கிற பீக்கன். ஓர் ஆண்டெனா, ஒரு சிறு அறை, உள்ளே ஒரு டிரான்ஸ்மிட்டர், அவ்வளவுதான். அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். ‘நான் வடக்கே இருக்கிறேன்’ என்றோ ‘கிழக்கே வா’ என்றோ அந்த அலையில் ஒரு தகவலும் கிடையாது. திசையைக் கண்டுபிடிக்கும் மொத்த வேலையும் விமானத்தில் இருக்கும் கருவியுடையது. அதை எப்படிச் செய்கிறது? வாருங்கள், மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

முதலில் வீட்டு ரேடியோ

இதற்கு விமான நிலையம்வரை போக வேண்டாம். மீடியம் வேவ் வரும் ஒரு கையடக்க டிரான்சிஸ்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிப் பக்கம் என்றால் 936 கிலோஹெர்ட்ஸ், சென்னை என்றால் 720. ரேடியோவைக் கையில் நிற்கவைத்தபடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று ஓரிடத்தில் குரல் தேய்ந்து, இரைச்சல் மட்டும் மிஞ்சும். இன்னும் அரைச் சுற்றுச் சுற்றினால் மறுபடியும் அதே மாதிரி தேயும்.

இப்போது பின்மூடியைத் திறங்கள். உள்ளே கறுப்பாக, விரல் நீளத்துக்கு ஒரு ஃபெரைட் குச்சி. அதன்மேல் மெல்லிய தாமிரக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மீடியம் வேவுக்கு இதுதான் ஆண்டெனா. வெளியே இழுத்து நீட்டும் கம்பி எஃப்.எம்.முக்கு. குரல் தேய்ந்த இடத்தில் அந்தக் குச்சியின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்திலோ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலோ வானொலி நிலையம் இருக்கிறது. திசை கண்டுபிடித்துவிட்டீர்கள்! விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும் ஆண்டெனாவுக்குள்ளும் இதே ஃபெரைட்டும் இதே கம்பிச் சுற்றும்தான் இருக்கின்றன.

ஒரு நானோ நொடிக்குள் நடக்கும் கூத்து

ஒரு செவ்வகக் கம்பி வளையத்தை, அதாவது லூப்பை, நிமிர்த்தி வைத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அதற்கு இரண்டு செங்குத்துக் கைகள். பீக்கனின் அலை பக்கவாட்டிலிருந்து வந்தால் முதலில் ஒரு கையைத் தொடும், பிறகு மறு கையை. இரண்டிலும் பிறக்கும் மின்னழுத்தத்தில் ஒரு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசமே ரிசீவருக்குப் போகும் சிக்னல். லூப்பைத் திருப்பி அதன் முகம் நிலையத்தைப் பார்க்கும்படி வைத்தால் அலை இரண்டு கைகளையும் ஒரே கணத்தில் தொடும். இரண்டு மின்னழுத்தமும் சமம், ஒன்றை ஒன்று அடித்துவிடும். சிக்னல் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தைத் தொழிலில் ‘நல்’ என்கிறார்கள்.

அந்த வித்தியாசம் எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 300 கிலோஹெர்ட்ஸ் பீக்கன் என்று வைத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் முழுதாக 1 கிலோமீட்டர். லூப்பின் அகலமோ 20 சென்டிமீட்டர். அந்த 20 சென்டிமீட்டரைக் கடக்க அலைக்கு ஒரு நானோ நொடிகூட ஆகாது. ஒரு முழு அலையில் 5,000இல் ஒரு பங்கு! அந்தத் துளி வித்தியாசத்தைப் பிடித்து, வளர்த்து, ஒரு முள்ளைத் திருப்புகிறார்கள். கம்பியைப் பல சுற்றுச் சுற்றுவதும் நடுவே ஃபெரைட்டை வைப்பதும் இந்தத் துளியைப் பெருக்கத்தான்.

ஏன் மௌனத்தைத் தேட வேண்டும்?

சத்தம் அதிகமாகக் கேட்கும் திசையைப் பிடித்தால் ஆகாதா? எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. லூப் உச்சச் சத்தத்தில் இருக்கும்போது 10 டிகிரி திருப்பிப் பாருங்கள். சிக்னல் குறைவது வெறும் 1.5 சதவீதம். காதுக்குத் தெரியவே தெரியாது. பூஜ்யத்தில் இருக்கும்போது அதே 10 டிகிரி திருப்புங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் உச்சத்தின் 17 சதவீதம் எழுந்து நிற்கும்! உச்சம் மொட்டையானது, மௌனம் கூர்மையானது. திசைகாணிகளின் நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு முழுவதும் இந்தக் கூர்மையை நம்பித்தான் நடந்திருக்கிறது. இந்தக் கருவியில் என்னைக் கட்டிப்போட்ட விஷயமும் இதுதான்.

இரண்டு மௌனங்கள், ஒரு பாலைவனம்

ஆனால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. லூப்பின் முகம் நிலையத்தைப் பார்த்தாலும் மௌனம், முதுகு பார்த்தாலும் மௌனம். நிலையம் முன்னாலா, பின்னாலா? லூப்புக்கு மட்டும் தனியாக அது தெரியாது.

அந்தச் சின்னக் கேள்வி எத்தனை பெரியது என்பதை 1943 ஏப்ரல் 4 சொல்லும். லிபியாவில் பெங்காசிக்கு அருகே சோலுக் தளத்திலிருந்து நேப்பிள்ஸ் நகரை நோக்கிக் கிளம்பிய அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று ‘லேடி பி குட்’. ஒன்பது பேர் கொண்ட குழு. இருட்டில் தனியாகத் திரும்பும் வழியில், தன் ஏ.டி.எஃப். வேலை செய்யவில்லை, திசை சொல்லுங்கள் என்று விமானி ஹாட்டன் ரேடியோவில் கேட்டார். பெனினாவில் இருந்த தரை நிலையம் தன் லூப்பைத் திருப்பிப் பார்த்து 330 டிகிரி என்றது. அப்படியென்றால் விமானம் வடமேற்கே, இன்னும் கடல்மேல். உண்மையில் விமானம் கரையையும் தளத்தையும் தாண்டி எதிர்ப்பக்கத்தில், தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது. 330க்கும் 150க்கும் அந்த லூப்பில் ஒரே மௌனம்தான். கரை இன்னும் வரவில்லை என்று நம்பி அவர்கள் சஹாராவுக்குள் பறந்துகொண்டே போனார்கள். எரிபொருள் தீர்ந்ததும் பாராசூட்டில் குதித்தார்கள். எவரும் ஊர் திரும்பவில்லை. தளத்திலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தெற்கே, மணலில் கிடந்த விமானத்தை எண்ணெய் தேடிப் போனவர்கள் 1958இல்தான் வானிலிருந்து கண்டார்கள்.

அந்த விமானத்தில் பழுதாகிப்போன ஏ.டி.எஃப்.பின் சிறப்பே இந்தக் கேள்விக்கு அதனிடம் விடை இருந்ததுதான். விடையின் பெயர் சென்ஸ் ஆண்டெனா. அது ஒரு சாதாரணக் கம்பி, எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவாக வாங்கும். லூப்பின் சிக்னல் முன்பக்க அலைக்கு ஒரு விதமாகவும் பின்பக்க அலைக்கு நேர் எதிர்விதமாகவும் இருக்கும். சென்ஸ் கம்பிக்கு அந்தப் பேதம் இல்லை. லூப்பின் சிக்னலைக் கால் அலை நகர்த்தி, இரண்டையும் கூட்டிவிட்டால் ஒரு பக்கம் சேர்ந்து இரட்டிப்பாகும், மறுபக்கம் கழிந்து மறைந்துபோகும். முன்பு வட்டத்தைச் சுற்றிவந்தால் எட்டு என்ற இலக்க வடிவில் ஏறி இறங்கிய சிக்னல், இப்போது இதய வடிவத்துக்கு மாறிவிடும். இதயத்துக்குப் பள்ளம் ஒன்றே ஒன்று. முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் தீர்ந்தது!

தவறான இடத்தில் நிற்க முடியாத மோட்டார்

இப்போது வருகிறது, எனக்குக் குதிக்கத் தோன்றும் பகுதி. ஆரம்பத்தில் ஓர் ஆள் கையால் லூப்பைத் திருப்பி, ஹெட்ஃபோனில் மௌனம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். 1930களில் அந்த வேலையை ஒரு மோட்டாரிடம் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் படங்களை உற்றுப் பாருங்கள். உடலுக்கு வெளியே முட்டை வடிவில் ஒரு கூடு துருத்திக்கொண்டிருக்கும். உள்ளே லூப் சுழன்றுகொண்டிருக்கும்.

தந்திரம் இப்படி. லூப்பின் சிக்னலை நொடிக்குப் பலமுறை தலைகீழாகப் புரட்டிப் புரட்டி சென்ஸ் சிக்னலோடு சேர்ப்பார்கள். நிலையம் லூப்புக்கு இடதுபக்கம் இருந்தால் கூட்டுத்தொகை ஒரு தாளத்தில் ஏறி இறங்கும். வலதுபக்கம் என்றால் நேர் எதிர்த் தாளம். மோட்டார் அந்தத் தாளத்தைப் பார்த்து இடமோ வலமோ ஓடும். மௌனம் வந்ததும் தாளம் நின்றுவிடும், மோட்டாரும் நிற்கும்.

தவறான மௌனத்தில் போய் நின்றுவிட்டால்? நிற்கவே முடியாது! சரியான மௌனத்திலிருந்து லூப் இம்மியளவு விலகினால் மோட்டார் அதை மீண்டும் அங்கேயே இழுத்துவரும். தவறான மௌனத்திலிருந்து இம்மியளவு விலகினாலோ, மோட்டார் மேலும் மேலும் விலக்கி, அரை வட்டம் ஓட்டி, சரியான இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும் இயந்திரம். எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத அழகு.

ஆகாயம் ஒரு டப்பாவுக்குள்

வேகமான விமானத்துக்கு வெளியே துருத்தும் கூடு ஆகாது. அதற்கான விடை அதற்கும் முன்பே இருந்தது. 1907இல் இத்தாலியர்களான எட்டோரே பெல்லினியும் அலெஸ்ஸாந்த்ரோ தோசியும் செய்து காட்டிய கோனியோமீட்டர்தான் அது. லூப் சுழலவே வேண்டாம். நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என்று இரண்டு அசையாத லூப்களை வைத்துவிடுங்கள். அவற்றின் மின்னோட்டத்தை உள்ளே ஒரு சிறு டப்பாவில், அதேபோலக் குறுக்கே நிற்கும் இரண்டு கம்பிச்சுருள்களுக்குக் கொடுங்கள். வெளியே காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ, டப்பாவுக்குள்ளும் அதே திசையில் ஒரு குட்டிக் காந்தப்புலம் பிறக்கும். நடுவே ஒரு சின்னச் சுருளைச் சுழற்றி மௌனத்தைத் தேடினால் போதும். திறந்தவெளியில் தேட வேண்டியதை உள்ளங்கையளவு இடத்தில் தேடுகிறோம்!

இப்போது அந்தச் சுருளும் இல்லை. கிங் கே.ஆர். 87 மாதிரியான கருவிகளில் இரண்டு லூப்களும் சென்ஸும் ஒரே தட்டையான உறைக்குள் அடங்கி உடலோடு ஒட்டியிருக்கும். மீதியை மின்னணுச் சுற்றுகள் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் டெக்னீஷியனுக்கு வேலை குறையவில்லை. ஆண்டெனாவை முதுகில் பொருத்துகிறாரா, அடிவயிற்றிலா என்பதைப் பொறுத்து லூப்பின் கம்பிகளை மாற்றிக் கொடுக்க வேண்டும். மறந்தால் முள் இட வலம் மாறிக் காட்டும். போதாக்குறைக்கு, இறக்கையும் உடலும் உலோகம். வந்த அலையை வாங்கித் தாங்களும் கொஞ்சம் திருப்பி வீசும். நிலையம் மூக்குக்கு 45, 135, 225, 315 டிகிரிகளை ஒட்டி இருக்கும்போது அந்தப் பிழை உச்சத்துக்குப் போகும். விமானத்தைத் திசை திசையாகத் திருப்பி நிறுத்தி, அளந்து, சரிசெய்கிறார்கள்.

விமானியின் இருக்கையில்

இப்போது காக்பிட்டுக்கு வருவோம். விமானி அலைவரிசையை வைக்கிறார். உடனே முள்ளை நம்பிவிடுவதில்லை. முதலில் ‘ஏ.என்.டி.’ என்ற நிலைக்கு மாற்றுகிறார். சென்ஸ் மட்டும் வேலை செய்யும், ஒலி தெளிவாக இருக்கும், முள் 90 டிகிரியில் போய் ஒதுங்கி நிற்கும். ஹெட்ஃபோனில் டிட்-டா-டிட் என்று மோர்ஸில் இரண்டு மூன்று எழுத்துகள். வரைபடத்தில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்போகிறதா? சரி. மீண்டும் ‘ஏ.டி.எஃப்.’ நிலைக்கு மாற்றுகிறார். முள் 90இலிருந்து புறப்பட்டுத் தயங்காமல் நிலையத்தைத் தேடிப் போய் நிற்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் சிக்னல் போதாது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகும் அந்த மோர்ஸ் அவர் காதில் மெலிதாக ஒலித்துக்கொண்டே இருக்கும். காரணம் உண்டு. வி.ஓ.ஆர். போன்ற வேறு வழிகாட்டிக் கருவிகளில் சிக்னல் போனால் முகத்தில் ஓர் எச்சரிக்கைக் கொடி விழும். சாதாரண ஏ.டி.எஃப்.பில் அந்தக் கொடி இல்லை. நிலையம் திடீரென்று நின்றுபோனால் முள் கடைசியாகக் காட்டிய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். காதுதான் காவல்.

முள் காட்டுவது விமானத்தின் மூக்கிலிருந்து எத்தனை டிகிரி என்பதை. மூக்கு 40 டிகிரியைப் பார்க்கிறது, முள் 30 என்கிறது என்றால் நிலையம் 70 டிகிரியில். வட்டத் தட்டே திசைகாட்டியோடு சேர்ந்து சுழலும் ஆர்.எம்.ஐ. இருந்தால் இந்தக் கூட்டல் வேலையும் மிச்சம்.

முள்ளை உச்சியிலேயே வைத்துக்கொண்டு போனால் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமா? சேரலாம், ஆனால் சுற்றிப் போய். காவிரியை நீந்திக் கடப்பவர் எதிர்க்கரை மண்டபத்தையே பார்த்து நீந்தினால் ஓட்டம் அவரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், வளைந்துதான் மண்டபத்துக்கு வருவார். பக்கக் காற்று விமானத்தை அப்படித்தான் செய்யும். நல்ல விமானி முள் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கமாக மூக்கைச் சில டிகிரி திருப்பி, நேர்கோட்டில் போகிறார்.

கடைசியில் நிலையத்தின் தலைக்கு மேலே! என்.டி.பி.யின் செங்குத்து ஆண்டெனா நேர் உச்சியை நோக்கி அலை வீசுவதில்லை. அங்கே ஒரு மௌனக் கூம்பு. முள் படபடக்கும், பக்கவாட்டில் சாயும், சட்டென்று வாலைக் காட்டித் திரும்பிவிடும். தரையே தெரியாத மேகத்துக்குள், நாம் இப்போது எந்த இடத்துக்கு மேலே இருக்கிறோம் என்று துல்லியமாகத் தெரிந்த கணம் அது.

முள்ளை ஏமாற்றுபவர்கள்

இருட்டியதும் அயனமண்டலத்தில் பட்டு எதிரொலிக்கும் அலைகள் மேலிருந்து வந்து கலக்கும். அவை லூப்பின் கிடைக் கைகளிலும் மின்னழுத்தத்தை உண்டாக்கி, கூர்மையான மௌனத்தைக் கலைத்துவிடும். விடியலும் அந்தியும் இதற்கு மிக மோசமான நேரங்கள். கடற்கரையைச் சாய்வாகக் கடக்கும் அலை வளைகிறது. மலைகள் எதிரொலிக்கின்றன. இதெல்லாம் இல்லாத நல்ல நாளிலும் 5 டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். 100 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் விலகல், 10 கிலோமீட்டரில் 900 மீட்டர்கூட இல்லை. கிட்டப் போகப் போகத் தானே சரியாகிவிடும், அதனால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றுக்காரன் இடிமேகம். மின்னல் ஒவ்வொன்றும் ஒரு ரேடியோ வெடிப்பு. பலவீனமான பீக்கனை விட்டுவிட்டு முள் புயலை நோக்கித் தாவும். ஆனால் இதையே பயனாக்கியவர்கள் உண்டு. ராபர்ட் வாட்சன்-வாட் 1915இல் பிரிட்டிஷ் வானிலைத் துறையில் சேர்ந்ததே, விமானிகளுக்கு இடிமழையை ரேடியோ மூலம் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான். 1920களில் குறுக்கு லூப்களை ஒரு கேதோடு கதிர்க் குழாயோடு இணைத்து, மின்னலின் திசையை அந்த நொடியிலேயே திரையில் கோடாகக் காட்டினார். ரேடாருக்கு வழிவகுத்ததும் அதே மனிதர்தான். 1970களில் வந்த ஸ்டார்ம்ஸ்கோப் குறுக்கு லூப்களையும் சென்ஸையும் வைத்தே விமானத்தைச் சுற்றி மின்னல் எங்கெங்கே என்று புள்ளிபோட்டது.

இன்னொன்று. ஏ.டி.எஃப்.புக்கு என்.டி.பி.தான் வேண்டும் என்பதில்லை, மீடியம் வேவில் பாடும் எந்த நிலையமும் போதும். 1941 டிசம்பர் 7 அதிகாலையில் ஹொனலுலுவின் கே.ஜி.எம்.பி. வானொலி இரவெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது, கலிபோர்னியாவிலிருந்து வந்துகொண்டிருந்த அமெரிக்க பி-17 விமானங்களுக்கு வழிகாட்ட. அதே இசையைப் பிடித்து, அது வரும் திசையைப் பார்த்து, பேர்ல் துறைமுகத்தை நோக்கி ஜப்பானியத் தாக்குதல் அணியை நடத்திவந்தார் மிட்சுவோ ஃபுச்சிடா. அலைக்கு நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாது.

இன்னும் வேலை பாக்கி

ஜி.பி.எஸ். வந்த பிறகு பல நாடுகள் என்.டி.பி.க்களை ஒவ்வொன்றாக மூடிவருகின்றன. புதிய விமானங்கள் பலவற்றில் ஏ.டி.எஃப். பொருத்துவதே இல்லை. ஆனால் அதன் தத்துவம் ஓய்வு பெறவில்லை. விபத்துக்குள்ளான விமானத்தின் அவசரகால டிரான்ஸ்மிட்டர் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். செயற்கைக்கோள் ஒரு வட்டாரத்தைச் சொல்லும். காட்டுக்குள்ளோ மலைச்சரிவிலோ கடைசிச் சில கிலோமீட்டரை எப்படிக் கடப்பது? அதே டிரான்ஸ்மிட்டர் 121.5 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு மெல்லிய கூவலை விட்டுக்கொண்டிருக்கும். தேடிப்போகும் ஹெலிகாப்டர் தன் திசைகாணியால் அதைப் பிடித்து, அது காட்டும் பக்கமாகவே போய் இறங்கும்.

ஆகவே விமானப் பயிற்சிப் பள்ளிகள் இந்தப் பாடத்தைத் தூக்கிவிடக் கூடாது என்று சொல்வேன். திரையில் தன் இடத்தைப் புள்ளியாகப் பார்த்தே பழகும் மாணவர்கள், அந்தப் புள்ளி இல்லாதபோது ஓர் அலையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி யோசிப்பது என்று கற்பது இந்த முள்ளிடம்தான். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேர வகுப்பு போதும். ஒரு பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது.